குளம் கிடந்துதா, மாமா?

உங்க வீட்டுச் சுவருல வெடிப்பு விழுந்து, அதுக்குள்ள விரலை விட்டா விரல் நுனி அந்தப் பக்கம் வெயில்ல போய் நிக்குறத நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். எங்க வீட்டு அடுக்களையில. ஒரு சனிக்கிழமை காலத்த, அம்மா அடுப்புல கஞ்சி வச்சிருக்கா, நான் பல்லு தேச்சுட்டு உள்ள வாறேன், புகை ஜன்னல் வழியா போகாம சுவரு வழியா போகுது. அம்மா கையில அகப்பையோட அதையே பாத்துட்டு நிக்கா. "ஜிஜி, இங்கோட்டு வா பிள்ளே"ன்னு மெதுவா கூப்பிட்டா. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா சத்தம் போடாம கூப்பிடுவாங்களே, அப்பிடி.

அந்த வீடு அப்பா தன் கையால கெட்டுனது. அப்பா பேரு செல்லையன், திருப்புறத்துல கொத்தவேலை பாக்குறவரு. ஊருல பாதி வீட்டு நிலைப்படி அவரு ரசமட்டம் வச்சு, குமிழு நடுவுல நிக்குதான்னு பாத்து நிறுத்துனதுதான். எங்க வீட்டுக்குப் பின்னால ஏலா. வயலைத்தான் நாங்க அப்பிடிச் சொல்லுவோம். அந்த ஏலாவை காண்ட்ராக்டர் ரெத்தினதாஸ் வாங்குனாரு. அவருக்கு வீடு கெட்டிக் கொடுத்ததும் அப்பாதான். பால் காய்ச்சுன அண்ணைக்கு அப்பாவுக்கு ஒரு டபுள் வேட்டி எடுத்துக் கொடுத்து, எல்லாரு முன்னாலயும் தோளுல கை போட்டுட்டு நின்ன ஆளு. அவரு பெருங்கடவிளை பக்கத்துல ஒரு குன்றை இடிச்சு, டிப்பர் டிப்பரா செம்மண்ணு கொண்டு வந்து ஏலாவுல தட்டுனாரு. நல்ல மழைக்காலம். கீழ கிடக்குறது களிச்சேறு. ஏலாவுல இறங்கி நடந்தவங்களுக்குத் தெரியும், சேத்துல காலை அழுத்துனா சேறு கீழ போகாது, விரலுக்கு இடையில பிதுங்கி மேல வரும். அவரு ஒரு குன்றையே தூக்கி வச்சாரு. பிதுங்குன சேறு எங்க வீட்டுப் பக்கம் வந்துது. கிணத்து உறையெல்லாம் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகி, வாளிய இறக்குனா தட்டித் தட்டி இறங்குச்சு. பிறகு அடுக்களைச் சுவரு.

இன்னொண்ணு சொல்லணும். அந்த ஏலா மூலையில ஒரு கதம்பல் குளம் கிடந்துது. தேங்காத் தொண்டுக்குத்தான் எங்க பக்கத்துல கதம்பல்னு பேரு. அதைக் குளத்துல மாசக்கணக்கா அழுகப் போட்டு, எடுத்து அடிச்சு நாரு பிரிப்பாங்க. பஞ்சாயத்துக் குளம், யாருக்கும் சொந்தமில்ல. அந்த நாத்தத்துலதான் நான் பிறந்து வளந்தேன். ரெத்தினதாஸ் தண்ணிய இறைக்கல, உள்ள கிடந்த கதம்பலை அள்ளல. அது மேலயே செம்மண்ணைத் தட்டி மூடிட்டாரு. ஒரு மழையில புல்லு முளைச்சுது. கேட்டவங்கள்ட்ட, "குளமா? மழைத்தண்ணி கெட்டிக் கிடந்ததுக்கு உங்க ஊருல குளம்னா பேரு?"ன்னு சிரிச்சாரு. நாரு வேலையும் அப்ப படுத்துப் போயிருந்துது. குளத்துக்காகச் சண்டை பிடிக்க யாருக்கு நேரம்.

அப்பா நியாயம் கேக்கப் போனாரு. அதுக்கு மறுநாளு ஜங்ஷன் சாயாக்கடையில ரெத்தினதாஸ் சொன்னதை ஊரே கேட்டுச்சு. "செல்லையன் சிமெண்டுல கள்ளத்தனம் காட்டுவான் வோய். ஊருக்காரனுக்குச் செய்ததை விடு, சொந்த வீட்டுக்கே வெறும் மணலை வச்சுப் பூசியிருக்கான். அதாக்கும் சுவரு வெடிச்சது." கடையில இருந்தவங்க சிரிச்சாங்களாம். ஒரு கொத்தனுக்கு வேற என்ன வேணும். கான்கிரீட் வார்ப்புக்குச் சொல்லி வச்சிருந்தவங்க "பிறகு பாக்கலாம்"ன்னு ஆளு அனுப்புனாங்க. சர்ச்சு சபையில புது மதில் கெட்டுனப்ப பூவாருல இருந்து வேற கொத்தனைக் கொண்டு வந்தாங்க. அப்பா ரசமட்டத்தைத் துடைச்சு ஒரு ஆணியில மாட்டுனாரு. அந்த வெடிப்பை மட்டும் அவரு பூசவே இல்ல. அம்மா கெஞ்சிப் பாத்தா. "கிடக்கட்டும்"ன்னு சொல்லிட்டாரு. தினமும் கஞ்சி குடிக்க அதுக்கு நேரா பலகையப் போட்டு உக்காருவாரு.

நான் அப்ப திருவனந்தபுரத்துல பரமசிவன் சார் ஆபீசுல வேலை பாத்தேன். பாலிடெக்னிக்குல சிவில் முடிச்சவ. சார் சர்க்கார் வேலையில இருந்து ரிட்டயர் ஆகி, சதுப்பு நிலத்துல கெட்டடம் கெட்டுறவங்களுக்கு யோசனை சொல்ற ஆபீசு வச்சிருந்தாரு. வெளிநாட்டுல இருந்து ஒரு புரோகிராம் வாங்கியிருந்தாரு. அதை ஓட்டத் தெரிஞ்சது ஆபீசுல நான் ஒருத்திதான். வேலை இதுதான்: மண்ணை அடுக்கு அடுக்கா கம்ப்யூட்டருல வரையணும். வலை மாதிரி சின்னச் சின்ன முக்கோணமா வெட்டணும். எந்த அடுக்கு எவ்வளவு இளக்கம், தண்ணி எங்க நிக்குதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுக்கணும். பிறகு மேல கெட்டடத்தை வைக்கணும். மத்தியானம் பூரா அது கணக்குப் போடும். கரண்டு போனா முதல்ல இருந்து. கடைசியில அந்த வலை எப்பிடிக் கோணுதுன்னு படம் வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அசைவைப் பெருசாக்கிக் காட்டும். துளை போட்டு ஜல்லிய இறுக்கிக் குத்தித் தூண் மாதிரி இறக்குனா எவ்வளவு தாழும், மணல் தூண் இறக்கித் தண்ணிய வடிய விட்டா எவ்வளவு, மேல மண்ணைக் குவிச்சு ஒரு மழைக்காலம் காத்திருந்தா எவ்வளவு, எல்லாத்தையும் ஒரு கூடை ஜல்லி செலவில்லாம பாத்துக்கலாம். எனக்கு அது பிடிச்சிருந்துது. மண்ணுக்குள்ள நடக்குறதைப் பாக்க வேற என்ன வழி இருக்கு?

தொண்ணூத்தாறுல ஒருநாள் ரெத்தினதாஸ் கையில வரைபடக் குழாயோட அந்த ஆபீசுக்குள்ள வந்தாரு. எங்க பின்பக்கத்து ஏலாவுல ஆடிட்டோரியம் கெட்டப் போறாராம். முன்னால கல்யாண ஹால், அதை ஒட்டிப் பின்னால டைனிங் ஹால். லோன் கொடுக்குறவங்க மண்ணுக்கு ஒரு ரிப்போர்ட்டு கேட்டிருக்காங்க. என்னைப் பாத்ததும் ஒரு நிமிஷம் நின்னாரு.

"நீ செல்லையனுக்க மோளில்லியா? இங்கயா வேலை? கொள்ளாமே."

படத்தை மேசையில விரிச்சாரு. மண்ணு எடுத்துப் பாக்கத் துளை போட்ட இடமெல்லாம் புள்ளியா குறிச்சிருந்துது. ஒரு புள்ளி கூட அந்த மூலையில இல்ல. அந்த மூலையிலதான் டைனிங் ஹால். வலையில மீனு தட்டுறப்ப கையில ஒரு இழுப்பு தெரியுமே, எனக்கு அது தெரிஞ்சுது.

"மாமா, இந்த மூலையில கதம்பல் குளம் கிடந்துதா?"ன்னு கேட்டேன். சார் முன்னாலதான் கேட்டேன்.

"குளமா? எந்தக் குளம்?"

"கதம்பல் போட்ட குளம் மாமா. அள்ளாம மூடியிருந்தா கீழ பஞ்சு மாதிரிதான் கிடக்கும். அதையும் சேத்து வரைஞ்சாத்தான் கணக்கு சரியா வரும்."

அவரு என்னைப் பாக்கல. சாரைப் பாத்தாரு. "சார், இவளுக்க அப்பனுக்கும் எனக்கும் ஒரு சண்டை கிடக்கு. பிள்ளை அதை மனசுல வச்சிட்டுப் பேசுது. சின்னப் பிள்ளை, விடுங்க."

"கிடந்துதா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க மாமா."

"இல்ல."

குளம்னு ஒத்துக்கிட்டா பஞ்சாயத்து நிலத்தை மூடுனதையும் ஒத்துக்கணும். எங்க சுவரு ஏன் வெடிச்சுதுன்னும் சொல்லணும். அவருக்கு 'இல்ல'ங்குற வார்த்தை சுலபமா இருந்துது. அவரு போன பிறகும் நான் சாருகிட்டச் சொன்னேன். "என் வீடு அதுக்கு அடுத்த வீடு சார், நான் அதுல கல்லெறிஞ்சு வளந்தவ"ன்னு. சார் மூக்குக்கண்ணாடியத் துடைச்சுட்டே, "துளை போட்ட மண்ணு சொல்றதை வச்சு ஓட்டு குட்டி. வீட்டுச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டு வரக்கூடாது, கேட்டோ"ன்னாரு. சரின்னு ஓட்டுனேன். ஜல்லித் தூணு இத்தனை, இவ்வளவு ஆழம்னு ரிப்போர்ட்டு நல்லபடியாப் போச்சு.

எனக்காக இன்னொரு தடவை ஓட்டுனேன். இந்தத் தடவை ஆடிட்டோரியத்தை வைக்கல. வெறும் செம்மண்ணை மட்டும் தட்டுனேன், ரெத்தினதாஸ் தட்டுன மாதிரி. ஓரத்துல எங்க வீட்டை வரைஞ்சேன். சுவரு நீளம், அஸ்திவாரத்து ஆழம் எல்லாம் அப்பாகிட்டக் கேட்டு வச்சிருந்தேன். வெடிப்பை டேப்பு வச்சு அளந்தும் வச்சிருந்தேன். குளம் இல்லாம ஓட்டுனப்ப எங்க சுவரு லேசா அசைஞ்சுது, வெடிக்கல. குளத்தை வரைஞ்சு ஓட்டுனேன். சுவரு வெடிச்சுது. நான் அளந்த அளவுக்கே, கிட்டத்தட்ட. குளத்தை அழிச்சா வெடிப்பு போச்சு, வரைஞ்சா வந்துது. மாத்தி மாத்தி ஓட்டிட்டு இருந்தேன். பிறகு குளத்தை வச்சுட்டு அது மேல டைனிங் ஹாலையும் வச்சேன். ஜல்லித் தூணெல்லாம் கால் ஊணக் கெட்டி மண்ணில்லாம கதம்பலுக்குள்ள தொங்குது. ஹாலு மூலை குனிஞ்சு, தண்ணி குடிக்குற மாடு மாதிரி இறங்குச்சு. பிரிண்டர் கரகரன்னு அந்தப் படத்தை அடிச்சுத் தள்ளுனப்ப நான் சிரிச்சேன். பொய் சொல்லல, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துது.

வீட்டுல படத்தைத் தரையில விரிச்சேன். அப்பா குனிஞ்சு பாத்தாரு. எங்க வீட்டுச் சுவரை அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கல. அதுல விரலை வச்சாரு.

"அப்ப எனக்க சிமெண்டு இல்ல?"

"இல்லப்பா."

விரல் பைய நகந்து டைனிங் ஹாலுக்கு வந்துது. "இது எப்ப?"

"அது சொல்ல முடியாதுப்பா. கெட்டுனதும் நடக்காது. ஆளும் பாரமும் ஏற ஏற, தண்ணி இறங்க இறங்க. தரை முதல்ல. பிறகு தூணு. அவரு குளம் உண்டுன்னு ஒத்துக்கிட்டா இப்பவும் சரி பண்ணலாம், தோண்டி அள்ளிட்டு..."

"நீ கேட்டியா அவன்ட்ட?"

"கேட்டேன். இல்லன்னாரு."

"பிறகென்ன." படத்தை அவரே சுருட்டி என் கையில தந்தாரு. "இனி நீ இதைப் பத்தி ஒருத்தர்ட்டயும் மிண்டாண்டாம். அவன் கெட்டட்டும்."

அவரு முகத்துல அந்த மாதிரி வெளிச்சத்தைப் பாத்து வருஷமாச்சு. எனக்கு வேண்டியது வேற. ரெத்தினதாஸ் வாயாலயே உண்மை வரணும். சாயாக்கடையில சொன்ன அதே வாயால, ஊரு கேக்க. ஹாலு விழுந்தா அது மழை மேல போகும், மேஸ்திரி மேல போகும், ஏன், விதி மேல போகும். அப்பா மேல இருக்குறது அப்பிடியே இருக்கும். ஆனா நான் வாயத் தொறக்கல. ஹாலு எழும்புறதை ரெண்டு பேரும் அடுக்களை வெடிப்பு வழியாவே பாத்தோம். ஒவ்வொரு தூணு ஏறுறப்பவும் அப்பா இன்னும் ஒரு தவி கஞ்சி கேட்டாரு.

மறு வருஷம் சிங்கத்துல, அதாவது ஆவணியில, ஹாலுக்குத் திறப்பு. முதல் கல்யாணமே ரெத்தினதாசுக்க மகளுக்கு. எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் போய் உக்காந்து மறுநாள் சாப்பாட்டுக்குக் காய்கறி வெட்டணும். ஜாதி, மதம், சண்டை, கேசு ஒண்ணும் கிடையாது. கூப்பிட்டா போகணும். ரெத்தினதாசுக்க பொண்டாட்டி வாசல்ல வந்து கூப்பிட்டுட்டுப் போயிருக்கா. நான் ஆபீசு விட்டு வந்தப்ப அம்மா வீட்டுல இல்ல. அப்பா வெடிப்புக்கு நேரா பலகையில உக்காந்திருந்தாரு.

"அம்மா எங்கப்பா?"

தாடையால ஹாலைக் காட்டுனாரு. "கறி வெட்டப் போயிருக்கா."

"நீங்க தடுக்கலியா?"

அவரு திரும்பி வெடிப்பு வழியா பாத்தாரு.

நான் படத்தைப் பையில போட்டுட்டு ஓடுனேன். டைனிங் ஹால்ல டியூப் லைட்டு எரியுது. பொம்பளைங்க வட்டமா உக்காந்து சேனையும் வெள்ளரியும் நறுக்குறாங்க. சுவரோரம் அரிசி மூட்டை, விறகு, சமையல் வார்ப்பு, தண்ணி நிறைச்ச டிரம். அம்மா மூலையில உக்காந்திருந்தா, சேனை அரிச்ச கையை முட்டுல தேச்சுக்கிட்டு, யாருக்கோ பதில் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு. என்னைப் பாத்து, "வா மக்கா, கத்தி கொண்டு வந்தியா?"ன்னா.

காய்கறி கழுவுன தண்ணிய ஒரு அக்கா தரையில தட்டுனா. ஓடை வாசல் பக்கம் வச்சிருந்துது. தண்ணி அந்தப் பக்கம் போகல. கொஞ்சம் தயங்குச்சு, பிறகு திரும்புச்சு. சேனைத் தோலை இழுத்துக்கிட்டு மூலைக்கு ஓடி, அம்மா உக்காந்திருந்த பாய்க்குப் பின்னால, தரையும் சுவரும் சேருற இடத்துல முடி கனத்துல ஒரு கீறலு, அதுக்குள்ள போச்சு. தேங்கவே இல்ல. அது பாட்டுக்குப் போய்ட்டே இருந்துது.

வெளிய பந்தல்ல ரெத்தினதாஸ் சந்தனக் கலர் ஜிப்பாவுல நின்னாரு. மாப்பிள்ளை வீட்டுல இருந்து புடவை கொண்டு வந்தவங்க நாற்காலியில உக்காந்து சர்பத்து குடிக்குறாங்க. மைக் செட்டுக்காரன் பாட்டு போட்டுட்டு இருந்தான். நான் நேரா அவரு பக்கத்துல போய் நின்னேன்.

"குளம் கிடந்துதா, மாமா?"

சிரிச்ச முகம் மாறாமலே என் முழங்கையப் பிடிச்சு ஓரத்துக்குக் கொண்டு போனாரு. "எடீ, இண்ணைக்கா கேக்குது?"

"உள்ள போய்த் தண்ணி எங்கோட்டு ஓடுதுன்னு பாருங்க."

போனாரு. வந்தாரு. ரொம்பத் தாழ்ந்த குரல்ல, "உண்டு. கிடந்துது பிள்ளே. நான் இப்பவே எல்லாரையும் வெளிய விளிக்குதேன். போருமா?"ன்னாரு.

"போராது. எங்கிட்டச் சொல்லி என்ன? அதுல சொல்லுங்க." மைக்கைக் காட்டுனேன்.

"நாளைக்கு எனக்க மோளுக்க கல்யாணமாக்கும்."

"தெரியும்."

"நான் ராத்திரி வந்து உங்க அப்பனுக்க காலுல விழுதேன்."

"எங்க அப்பாவைக் கள்ளன்னு சொன்னது ராத்திரியிலயா மாமா? நல்ல வெயில்ல, ஆளு நிறைஞ்ச கடையிலயில்லியா சொன்னீங்க." பையில இருந்து சுருள பாதி வெளிய எடுத்தேன். "இல்லன்னா இதை நான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள்ட்ட விரிச்சுக் காட்டுதேன். உங்களுக்கு எது எளுப்பம்?"

அவரு போய் மைக்கை வாங்குனாரு. "உள்ள கறி வெட்டுறவங்க எல்லாரும் முற்றத்துக்கு வரணும். உள்ள லைட்டு சரியில்ல"ன்னாரு. பொம்பளைங்க முறத்தையும் கத்தியையும் தூக்கிட்டு ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. அம்மாவும் வந்தா. அவ வெளிய காலு வச்சதும் எனக்குள்ள இருந்த பயம் போயிட்டு. மத்தது போகல. ரெத்தினதாஸ் என்னைப் பாத்தாரு, போருமில்லியான்னு. நான் பந்தக்காலை விட்டு நகரல. சுருளையும் உள்ள வைக்கல.

அவரு மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டு போனாரு. "அங்க கதம்பல் குளம் கிடந்துது. நான்தான் மூடுனேன். செல்லையன் வீட்டுச் சுவரு வெடிச்சது அதனாலயாக்கும். அவனுக்க சிமெண்டு இல்ல." கடைசி வார்த்தையில மைக்கு ஊளையிட்டுது. மாப்பிள்ளை வீட்டுல ஒரு பெரியவரு சர்பத்து கிளாசைக் கீழ வச்சிட்டு, பந்தலுக்கு அடியில இருந்த தரைய செருப்புக் காலால ரெண்டு தடவை தட்டிப் பாத்தாரு. அம்மா கத்தியோட நின்னபடியே அழுதா. எனக்கு அழுகை வரல. எனக்கு ரெத்தினதாஸ் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும் போல இருந்துது. பாத்தேன்.

மைக்கு சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேக்காம இருக்க வழியில்ல, அந்த வெடிப்பு வழியா எல்லாம் கேக்கும். அம்மாவைக் கூட்டிட்டு நான் வீட்டுக்குள்ள போனப்ப அப்பா அதே பலகையில உக்காந்திருந்தாரு. எழும்பி வந்து என் தலையில கை வைப்பாருன்னு நான் நினைச்சேன். அந்த நாப்பது தப்படி தூரத்துல நான் அதை மட்டும்தான் நினைச்சுட்டு வந்தேன்.

"நீ அவனக் காப்பாத்திட்ட"ன்னாரு.

"அப்பா, அவரு ஊரு கேக்கச் சொல்லியாச்சு. அம்மா உள்ள இருந்தாப்பா."

"உனக்க அம்மைய மட்டும் விளிச்சிருந்தா போராதா?"

அம்மா அப்பாவைப் பாத்தா. அந்தப் பார்வைய நான் எங்கயும் எழுதப் போறதில்ல. இப்ப நான் மஸ்கட்டுல இருக்கேன். இங்கயும் இதே வேலைதான், கம்ப்யூட்டரு மட்டும் பெருசு. வெள்ளிக்கிழமை போன் பண்ணுனா அம்மா எடுப்பா. பின்னால அப்பா இருமுறது கேக்கும். போன் அவரு கைக்குப் போகாது.

அந்தக் கல்யாணம் மறுநாள் காலத்த வெளிய பந்தல்ல நடந்துது. சாப்பாடு பக்கத்துப் பள்ளிக்கூடத்து முற்றத்துல போட்டாங்க. ஹாலு அப்பிடியே நின்னுது, ஒரு ஓடு கூட விழல. எல்லாரும் பந்தியில இருந்தப்ப அப்பா ஆணியில இருந்து ரசமட்டத்தை எடுத்து, தூசி துடைச்சு, மடியில செருகிட்டு ஆளில்லாத டைனிங் ஹாலுக்குள்ள போனாரு. மூலையில, அம்மா உக்காந்திருந்த இடத்துல, அதைத் தரையில வச்சாரு. குமிழு நடுவுல இல்ல. திரும்பி வந்து, பலகையப் போட்டு, கஞ்சி குடிச்சாரு.